கல்யாணக் கார்டில் தளபதியான அப்பாவுக்கு

எதிரில் யார் வந்தாலும் முகத்தை விட்டுவிட்டு, கடந்து போன பிறகு பிடரியைத் திரும்பிப் பார்க்கும் என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய்ப் பதினெட்டு வருடம். திவசம் வந்தால் கருவாட்டுக் குழம்பும் சுருட்டும் வைத்துப் படைப்போம், கும்பிடுவோம், அவ்வளவுதான். உங்களுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று இதுவரை தோன்றியதில்லை. இப்போது எழுதாமல் முடியாது. தம்பி செல்வராஜின் மகள் காயத்திரிக்கு வருகிற வெள்ளிக்கிழமை கல்யாணம். அந்தக் கல்யாணக் கார்டில் நீங்கள் நாட்டின் இராணுவத் தளபதி ஆகிவிட்டீர்கள்.

சிரிக்காதீர்கள். மஞ்சள் கார்டு, தங்க எழுத்து. "காலஞ்சென்ற இராணுவத் தளபதி இ. மாரிமுத்து அவர்களின் பேத்தி" என்று அச்சாகி வந்துவிட்டது. இருபத்தேழு வருடம் முகாமில் முடி வெட்டியவர் நீங்கள். சீருடை போட்டவர்கூட இல்லை. வெள்ளைக் கோட்டு போட்ட சிவில் ஊழியர்.

நம் ஆட்களின் கார்டுகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பெயர் மட்டும் போதாது, பக்கத்தில் உத்தியோகமும் வேண்டும். கிராம சேவகர், ஓய்வுபெற்ற ஆசிரியை, இன்னார் ஸ்டோர்ஸ் உரிமையாளர் என்று உயிரோடு இருப்பவர்களுக்கும் போடுவார்கள், இல்லாதவர்களுக்கும் போடுவார்கள். உங்கள் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று தம்பி என்னைக் கேட்கவில்லை. கேட்டால் நான் என்ன சொல்வேனோ என்ற பயம்.

கார்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்தான். முதல் கார்டை அம்மன் பாதத்தில் வைத்தாயிற்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு கட்டு போயாயிற்று. அதன் பிறகுதான் காயத்திரி ஒன்றை எடுத்து முழுவதும் வாசித்தாள்.

"அப்பா, தாத்தா செத்துப் பதினெட்டு வருசம் கழிச்சுப் புரமோசன் குடுத்திருக்கீங்க. இனி பீரங்கி மரியாதையும் கேக்கலாம்."

தம்பி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தான். அவன் முகம் வெளிறிவிட்டது. "நான் 'இராணுவத் தளபதி அலுவலகம்'னுதானே எழுதிக் குடுத்தேன். கடைசிச் சொல்லக் காணோமே, அக்கா."

"அதுவே பொய்தானே, தம்பி."

"முழுப் பொய் இல்லையே. அப்பா அந்த ஒஃபிஸுக்குள்ள போகலையா?"

"போனாரு. கத்திரிக்கோலோட போனாரு."

அச்சகத்துக்கு நானே போனேன். அச்சகம் நடத்துகிற ரிஸ்வான் என்னிடம் படித்தவன். எழுந்து நின்று கதிரையைத் துடைத்துக் கொடுத்தான். "லைன் கொள்ளல டீச்சர், ஒரு சொல் கூடிப் போச்சு. 'அலுவலகம்'தானே, அத எடுத்தா என்ன வரும்னு எடுத்துட்டேன்."

"எடுத்தா எங்கப்பா தளபதி ஆயிருவாரே, ரிஸ்வான்."

"அவரு தளபதிதானே, டீச்சர்?" என்றான். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டான். "குடியியல் பாடத்துல நீங்க சொன்ன கதையெல்லாம் எனக்கு இன்னும் ஞாபகம். தளபதி எப்படி உட்காருவாரு, எப்ப பேசுவாரு, எப்ப பேச மாட்டாரு எல்லாம் சொல்லுவீங்களே. வீட்டு ஆள் இல்லாம இவ்வளவு சொல்ல ஏலாதுன்னு நாங்க அப்பவே பேசிக்குவோம்."

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். பிழை அச்சகத்தில் நடந்தது என்று நினைத்துப் போனவள் நான். அது என் வகுப்பறையில் நடந்திருக்கிறது.

அப்பா, இதை உங்களிடம் ஒருபோதும் சொன்னதில்லை. முப்படைகளைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் நான் உங்களைத்தான் வகுப்புக்குக் கூட்டிப் போவேன். பாடப் புத்தகத்தில் நாலு வரிதான் இருக்கும். பிள்ளைகளுக்கு நாலு வரி போதாது, உதாரணம் வேண்டும். நீங்கள் மாதம் ஒருமுறை மாத்தளை ரயிலில் வந்து இறங்கி, ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு முடி வெட்டிக்கொண்டே சொன்ன கதைகளை எடுத்து வைப்பேன். ஆனால் தொடங்கும்போது எப்படித் தொடங்குவேன் தெரியுமா? "எனக்குத் தெரிந்த ஒருவர் சொன்னார்." முப்பது வருடமும் அப்படித்தான்.

பாடம் என்னவோ நன்றாகத்தான் நடந்தது. தளபதி என்றால் குதிரையில் வாளோடு முன்னால் போகிறவர் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். நானும் உங்களிடம் அப்படித்தான் கேட்டேன். நீங்கள் என் தலையைக் குனிய வைத்து, சீப்பால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னீர்கள்: "கொமாண்டர் சண்டை போடுறவர் இல்ல, பாப்பா. சோறு வெந்துச்சா, சப்பாத்து கிழியாம இருக்கா, லீவு ஒழுங்காக் கிடைக்குதா, ஒருத்தனுக்குக் குடுத்த தண்டனை நியாயமா, இத எல்லாம் பாக்குறவரு. சண்டைக்குப் போன்னு சொல்ற அதிகாரம் அவருக்கு மேல இருக்கிற ஆளுக்கு. அந்த ஆளு யூனிபோம் போட மாட்டாரு."

கரும்பலகையில் எவ்வளவு படம் போட்டாலும் இதைவிட விளக்க எனக்கு வரவில்லை. அவருக்குக் கீழே எல்லாரும் சீருடை, அவருக்கு மேலே இருப்பவருக்குச் சீருடை இல்லை. குடியாட்சி என்றால் என்ன என்று கேட்ட பிள்ளைக்கும் இதையே உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது முப்படைகளையும் ஒருங்கிணைக்க இன்னொரு பெரிய பதவி வந்துவிட்டது, அப்பா. ஆனாலும் கடைசிச் சொல் சீருடை போடாதவருடையதுதான். அது மாறவில்லை.

வரலாற்றையும் நீங்கள் பிடரி வழியாகத்தான் சொன்னீர்கள். நீங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது தளபதி வெள்ளைக்காரர், பிரிகேடியர். வெயிலில் சிவந்து உரிந்த கழுத்து என்பீர்கள். பிறகு இந்த நாட்டுக்காரர்கள் அந்தப் பதவிக்கு வந்தார்கள். பதவியின் தரமும் மேஜர் ஜெனரல் என்று உயர்ந்தது. முதலில் மகாராணியின் பெயரில் மகாதேசாதிபதி மேலே இருந்தார். குடியரசு ஆனதும் தொப்பியில் இருந்த கிரீடம் போய் நாட்டின் சின்னம் வந்தது. "தொப்பி மாறுச்சு, தலைமயிர் அளவு மாறல" என்று சொல்லிச் சிரித்தீர்கள். இன்று அந்தப் பதவியில் இருப்பவர் லெப்டினன்ட் ஜெனரல்.

அப்படியானால் நான் ஏன் மறைத்தேன்? பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது "தந்தையின் தொழில்" என்ற இடத்தில் அம்மா "அரச ஊழியர்" என்று எழுதச் சொன்னாள். ஆசிரியர் நேர்முகத் தேர்வுக்குப் போனபோது நானே "இராணுவம்" என்றேன். ரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் எல்லாருக்கும் முடி வெட்டிய தாத்தாவின் பேத்தி என்று தெரிந்தால் டவுன் ஆட்கள் எந்தத் தட்டில் சோறு போடுவார்கள் என்ற கவலை. பிறகு யுத்தம் வந்தது. அப்போது நம் ஆட்களிடம் இராணுவம் என்பதையும் சொல்ல முடியாமல் போயிற்று. ஒரு பக்கம் கத்திரிக்கோலை மறைத்தோம், மறுபக்கம் முகாமை மறைத்தோம். நடுவில் உங்களுக்கு நிற்க இடமே இல்லாமல் போய்விட்டது.

எண்பத்து மூன்று கலவரத்தில் நம் ஆட்களின் கடைத்தெரு எரிந்தது. நீங்கள் அதற்கு முன்பே ஓய்வு பெற்று வந்துவிட்டீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் உங்களிடம் கேட்டார்: "நீங்க முடி வெட்டிவிட்ட பெரிய ஆளுங்க எல்லாம் எங்க, மாரிமுத்து?" நீங்கள் புகையைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். அன்று உங்கள் மனதில் என்ன ஓடியது, அப்பா? இன்று வரை எனக்குத் தெரியாது.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன். அச்சகத்திலிருந்து வீடு வந்து சேருவதற்குள் தொலைபேசி வந்துவிட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா சிவலிங்கம் ஐயா. கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், கோப்புப் பார்த்து ஓய்வு பெற்றவர்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. இந்த நாட்டுத் தளபதிமார் பேர முதல் ஆள்ல இருந்து வரிசையாச் சொல்லுவேன். அதுல மாரிமுத்துன்னு ஒருத்தர் இல்லையே."

"இல்லதான், ஐயா."

"அப்ப இது?"

"நேர்ல வந்து சொல்றேன்."

முச்சக்கர வண்டியில் ஏறியதிலிருந்து தம்பி கெஞ்சிக்கொண்டே வந்தான். "கிளார்க்குன்னு சொல்லிரு, அக்கா. அச்சுப் பிழைன்னு முடிச்சிருவோம். கல்யாணத்துக்கு ரெண்டு கிழமைதான் இருக்கு. எம்புள்ள வாழ்க்கை."

உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த ஆசை வந்தது. ஒரே ஒரு சொல்தான். கிளார்க். நாலு பேரும் தேநீர் குடித்துச் சிரித்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் புறப்படும்போது காயத்திரி வாசலில் நின்று சொன்னது காதில் இருந்தது. "நான் அந்த வீட்டுல ஆயுசுக்கும் இருக்கணும், அத்தை. தாத்தாவப் பத்திப் பேச்சு வாறப்ப எல்லாம் நான் முழிச்சுக்கிட்டு நிக்கணுமா?"

மாப்பிள்ளை வீட்டில் கார்டு மேசை நடுவில் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் இல்லாமல் தனியாகக் கடை நடத்தி மகனைப் படிக்க வைத்தவர், அதிகம் பேச மாட்டார். நான் தேநீரைத் தொடவில்லை.

"எங்கப்பா தளபதி இல்லைங்க. கிளார்க்கும் இல்ல. ஆமி கேம்ப்ல பாபர். தளபதிமாருக்கும் முடி வெட்டினாரு, புதுசாச் சேர்ந்த பொடியன்மாருக்கும் வெட்டினாரு."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்தார். "அப்ப நீங்க..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். அந்த நிறுத்தத்துக்குள் என்ன இருந்தது என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"ஆமாங்க" என்றேன். "எங்க தாத்தா தோட்டத்துப் பாபர். கல்யாணம்னாலும் சாவுன்னாலும் அவரு வராம எதுவும் நடக்காது. ஆனா பந்தியில அவருக்கு எடம் கடைசியில."

சிவலிங்கம் ஐயாதான் மெல்லக் கேட்டார். "தளபதிமாருக்கு வெட்டினாருன்னு சொல்றீங்களே, அது நெசமா?"

அப்போது நான் அந்தக் கதையைச் சொன்னேன். பதவி கைமாறுகிற நாளின் கதை. போகிற தளபதி, வருகிற தளபதி இருவரும் அன்று காலையில் முடி வெட்டிக்கொள்ள உங்களைக் கூப்பிட்டார்கள். ஒரே அறை, ஒரே கதிரை, ஒரே நேரம். யாருக்கு முதலில்? கூட இருந்த அதிகாரிகளுக்கே தெரியவில்லை. ஒருவர் காதில் ஒருவர் பேசுகிறார்கள். புது ஆளை நிற்க வைத்தால் நாளைக்கு யாருக்கு வேலை போகுமோ? நீங்கள் துணியை உதறிக்கொண்டு, போகிறவரைப் பார்த்து, "சேர், வாங்க" என்றீர்கள். ஒரு அதிகாரி முறைத்தாராம். நீங்கள் சொன்னீர்களாம்: "பத்து மணிக்குத்தானே கையெழுத்து? அது வரைக்கும் இவருதான் கொமாண்டர்." நின்றுகொண்டிருந்த புதியவர்தான் முதலில் சிரித்தாராம். "சரியாச் சொன்னான்" என்று சொல்லி, சுவரோரமாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாராம்.

அன்று பின்னேரம் பழைய தளபதி கொடி இல்லாத காரில் வீட்டுக்குப் போனதையும் நீங்கள் சொல்வீர்கள். காலையில் நாடே சல்யூட் அடித்த மனிதர், பின்னேரம் தன் சாமான் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் இருந்தார் என்பீர்கள். "அந்தக் கதிர பெருசு, பாப்பா. அதுல உட்காருற ஆள் வந்து போறவன்." எந்தப் பாடப் புத்தகமும் எனக்கு இதைத் தரவில்லை.

சிவலிங்கம் ஐயா கார்டை எடுத்து இன்னொரு முறை வாசித்தார். "நான் பேர்தான் பாடமாக்கி வச்சிருக்கேன். உங்கப்பா தலையையே புடிச்சுத் திருப்பியிருக்காரு" என்றார். தம்பிகூடச் சிரித்துவிட்டான். மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேங்க, டீச்சர்" என்று எழுந்துவிட்டார்.

இரண்டு நாள் எந்தத் தகவலும் இல்லை. தம்பி என்னோடு பேசவில்லை. தம்பி மனைவி அடுப்படியில் பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலேயே எனக்குத் திட்டு விழுந்தது. காயத்திரி வழக்கம்போல வேலைக்குப் போய் வந்தாள், சாப்பிட்டாள். கொசுவம் தைக்கக் கொடுத்த கல்யாணச் சேலையைத் திருப்பி வாங்கவா என்று மட்டும் ஒருமுறை கேட்டாள். ஒரு பிள்ளையின் வாழ்க்கையை என் கௌரவத்துக்காக உடைத்துவிட்டேனோ என்று நான் தவித்தது உங்களுக்குத் தெரியுமா, அப்பா? பொய் சொன்ன காலமெல்லாம் வராத பயம், உண்மையைச் சொன்ன பிறகு வந்தது.

மூன்றாம் நாள் காலையில் மாப்பிள்ளையின் அம்மா தனியாக வந்தார். கையில் ஒரு பை. அதை மேசையில் கவிழ்த்தார். எல்லாம் நம் கார்டுகள்.

"எங்க சொந்தத்துல குடுத்ததை எல்லாம் திருப்பி வாங்கிட்டு வந்திருக்கேன். சரியானத எழுதிக் குடுங்க" என்றார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்குக் கோவந்தான் வந்துச்சு, டீச்சர். இப்பவும் கொஞ்சம் இருக்கு. ஆனா நீங்க அச்சுப் பிழைன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன். நம்ப வைக்கல நீங்க. அந்த வீட்டுல பொண்ணு எடுக்கலாம்னு மகன்கிட்ட சொல்லிட்டேன். நாலு பேர் வரமாட்டாங்க. கார்ட வாங்கும்போதே ஒருத்தர் சொல்லிட்டாரு. வராட்டி அந்தச் சோறு மிஞ்சும், அவ்வளவுதானே."

ரிஸ்வான் எல்லாக் கார்டையும் புதிதாக அடித்துத் தருகிறேன் என்று வந்து நின்றான். நான் வேண்டாம் என்றேன். பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான். பிழையைச் சுரண்டி அழிக்காதே, ஒரு கோடு போடு, மேலே சரியானதை எழுது, பிழையும் தெரியட்டும், திருத்தமும் தெரியட்டும். மேசையைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். தம்பி கடைசியாக ஒருமுறை முயன்றான். "'சிகையலங்கார நிபுணர்'னு போடுவோமா, அக்கா?"

"தாத்தா அலங்காரம் பண்ணல, அப்பா. வெட்டினாரு" என்றாள் காயத்திரி.

அவன் அடிமட்டத்தை எடுத்து "இராணுவத் தளபதி" என்பதன் மேல் கோடு கிழித்தான். நான் "இராணுவ முகாம் முடிதிருத்துநர்" என்று எழுதினேன். காயத்திரி மை காய ஊதி அடுக்கினாள். நூறு கார்டு தாண்டிய பிறகு தம்பி கோடு போடுவதை நிறுத்தினான்.

"அந்த ரெண்டு தளபதி கதைய எனக்கு ஏன் அப்பா சொல்லல?"

"முடி வெட்டி முடிஞ்சதும் நீ வெளையாட ஓடிருவ. நான்தான் அவருக்குத் துணி உதறிக் குடுத்துக்கிட்டு நிப்பேன்."

அவன் அடுத்த கார்டிலிருந்து கோட்டை இன்னும் கவனமாகப் போட்டான், எழுத்து மறையாதபடி. கார்டுகள் இப்போது தூரத்து வில்கமுவ வரைக்கும் போய்விட்டன. வாங்கியவர்களில் சிலர் வாசித்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். சிலர் உட்கார வைத்து, "அப்படியா, தளபதிக்கா?" என்று கதை கேட்கிறார்கள். தம்பிதான் சொல்கிறான். போகிற வீடெல்லாம் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறான். நேற்று உங்கள் தளபதிகள் மூன்று பேர் ஆகிவிட்டார்கள். திருத்தினேன்.

தளபதியாக இருந்தவர்கள் ஓய்வு பெறும்போது ஒரு படி மேலே உயர்த்தி அனுப்புகிற வழக்கம் உண்டு அல்லவா, அப்பா? உங்களுக்கு அப்படி ஒன்றும் தேவையில்லை. இருந்த இடமே போதும். அதை உங்களுக்குத் திருப்பிக் கொடுக்க எனக்கு எழுபது வயது ஆகியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில், தாலி கட்டுவதற்கு முன், இரு வீட்டுப் பெரியவர்களின் பெயரையும் வாசிப்பார்கள். நம் வீட்டுப் பக்கத்தை நானே வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். உங்கள் பெயரையும் தொழிலையும் சேர்த்து, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, வகுப்பறைக் குரலில் வாசிப்பேன். அந்த இடத்தில் குரல் தாழாது. இது என் வாக்கு.

இப்படிக்கு,
பாபர் மாரிமுத்துவின் மூத்த மகள்,
பார்வதி